கையடக்க ஒளிக்கருவியும் மார்பகப் புற்றுநோயும்

கோலார் தங்கவயலில் 2001-இல் சுரங்கங்கள் மூடப்படும்வரை நிலத்தடியில் பணியாற்றியோர், தலைவிளக்கை உள்ளங்கையால் மூடினால் விரலோரம் செந்நிறமாய் ஒளிர்வதைக் கண்டிருப்பர். குருதி நீல, பச்சை ஒளியைப் பெரிதும் உறிஞ்சிவிடுகிறது. சிவப்பொளி ஓரளவு ஊடுருவுகிறது.

சிவப்பை அடுத்துள்ள, 700 முதல் 900 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள கதிர்கள் இன்னும் ஆழமாக, சில சென்டிமீட்டர் வரை செல்லவல்லவை. புற்றுக்கட்டி தனக்கெனப் புதிய இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்வதால், அவ்விடத்தில் இக்கதிர்கள் மிகுதியாக உறிஞ்சப்படுகின்றன. கருத்து பழையதே: 1929-இல் மாக்ஸ் கட்லர் என்னும் அமெரிக்க மருத்துவர் விளக்கொளியை மார்பகத்தினூடே செலுத்தி நோயறிய முயன்றார். அண்மைக் காலத்தில் புளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தின் அனுராதா கோதாவர்த்தி குழுவினர், மார்பின் வளைவுக்கேற்பப் பொருந்தும் கைக்கருவியை உருவாக்கி ஆராய்ந்துள்ளனர். எக்ஸ்-கதிர் இதற்குத் தேவையில்லை.

ஆயினும் ஒளி திசுக்களில் சிதறுவதால் உருவம் மங்கலாகிறது. ஆழத்திலுள்ள சிறு கட்டிகள் புலப்படாது போகலாம். ஆகவே மாமோகிராமுக்கு இது மாற்றாகாது. கைவிளக்கைப் பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று ஒரு பெண்ணைத் திருப்பியனுப்புவது பெருந்தவறு. கட்டி, தோற்சுருக்கம், காம்பில் இரத்தக்கசிவு ஆகியவற்றுள் ஒன்று தென்படினும், வலியில்லையென்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். மேற்சிகிச்சைக்குப் பெங்களூர் கித்வாய் புற்றுநோய் நிலையம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயில் உண்டு.