சும்மாதான் பார்த்தேன்!

இரவு பதினொரு மணிக்கு மேல் நம் வீடுகளில் யாரிடமாவது, "கைப்பேசியில என்ன பார்க்கிற?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றுதான் பதில் வரும். அந்தச் 'சும்மா'வைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு டிக்டாக் நேரலை ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஒருவர் இன்னொருவரைத் திட்டிக்கொண்டிருப்பார். எதற்காகத் திட்டுகிறார் என்பது பார்ப்பவருக்கும் சரியாகத் தெரியாது. ஆனாலும் விரல் அடுத்த காணொளிக்கு நகராது.

இரவு மட்டும்தான் என்றில்லை. பிரிக்பீல்ட்ஸில் மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், ரசம் வருவதற்குள் பக்கத்து மேசைக் கைப்பேசியிலிருந்து யாரோ யாருடைய குடும்பத்தையோ இழுத்துப் பேசுவது காதில் விழும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தேநீர் குடிக்க நின்றாலும் இதே கதைதான். காதொலிப்பான் மாட்டிக்கொள்ளும் பழக்கம் நம்மவர்களுக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

நான் வானொலி அறிவிப்பாளன். பேச்சை விற்றுப் பிழைக்கிறவன். அதனால் கைப்பேசியே கெட்டது, சமூக ஊடகமே சாபம் என்று பிரசங்கம் செய்ய வரவில்லை. இதே திரைதான் 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது சுங்கை சிப்புட்டின் ஒரு சின்னச் சமையலறையை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. பவித்ரா மலாய் மொழியில் பேசிக்கொண்டே சமைத்தார். எல்லா இனத்தாரும் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி, பொருளாதார மீட்சித் திட்டத்தை அறிவித்த அன்றைய பிரதமர் டான்ஸ்ரீ முகிடின் யாசின், தம் உரையிலேயே சுகு - பவித்ரா தம்பதியைக் குறிப்பிட்டார். நம் வீட்டுப் பிள்ளைகள் பெயரைப் பிரதமர் சொல்கிறார் என்று அன்று புலனக் குழுக்கள் எல்லாம் அமர்க்களப்பட்டன.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே திரை வழியாக வேறொரு பெயர் நாடு முழுவதும் தெரியவந்தது.

ஈஷா. முழுப்பெயர் அ. ராஜேஸ்வரி. டிக்டாக்கில் பலரும் அறிந்த நம் பெண். தம்மை மிரட்டியும் ஆபாசமாகவும் நேரலையில் பேசுகிறார்கள் என்று கோலாலம்பூர் டாங் வாங்கி காவல் தலைமையகத்தில் அவர் புகார் கொடுத்தார். மறுநாள், 2024 ஜூலை 5-ஆம் தேதி, உயிருடன் இல்லை.

ஒருவர் அப்படி ஒரு முடிவுக்குப் போவதற்கு ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட யாராலும் முடியாது. ஆனால் அவரை நோக்கி என்ன பேசப்பட்டது என்பதை நீதிமன்றம் விசாரித்தது. அதே மாதம் ஒரு பெண் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்குக் கிடைத்த தண்டனை 100 வெள்ளி அபராதம்.

நூறு வெள்ளி! நான்கு பேர் கொண்ட குடும்பம் வார இறுதியில் வெளியே சாப்பிட்டால் ஆகும் செலவு. மக்கள் கொதித்தார்கள். நீதிபதியையும் திட்டினார்கள். ஆனால் அந்த வழக்கு 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தின் 14-ஆவது பிரிவின் கீழ் நடந்தது. அதில் அன்று இருந்த உச்சபட்ச அபராதமே 100 வெள்ளிதான். தெருவில் சத்தம் போட்டு வம்புக்கிழுப்பவர்களை மனத்தில் வைத்து, நாடு விடுதலை அடைவதற்கு முன்பே எழுதிய சட்டம் அது. ஆயிரக்கணக்கான கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் ஒலிக்கும் வசவைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? அதே விவகாரத்தில் வேறு சட்டங்களின் கீழ் குற்றஞ்சாட்டப்பட்ட ஓர் ஆடவர் சிறைக்குப் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த நூறு வெள்ளிதான் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டியது. பிரதமர் துறையின் சட்ட அமைச்சர் டத்தோஸ்ரீ அஸாலினா ஒத்மான் சைட் கொண்டுவந்த குற்றவியல் சட்டத் திருத்தம் 2024 டிசம்பரில் மக்களவையில் நிறைவேறியது. 2025 ஜூலை 11-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 507B முதல் 507G வரை புதிய பிரிவுகள். மிரட்டியோ இழிவுபடுத்தியோ ஒருவரை வதைப்பது இனி தனிக் குற்றம். ஒருவருக்குத் தீங்கு நேரும் வகையில் அவருடைய முகவரி, தொலைபேசி எண் போன்ற விவரங்களைப் பரப்புவதும் குற்றம். அந்த வதையால் தூண்டப்பட்டு ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டாலோ மாய்த்துக்கொள்ள முயன்றாலோ, வதைத்தவருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை.

இன்னொரு பக்கம், நாட்டில் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் வைத்திருக்கும் சமூக ஊடகங்களும் குறுஞ்செய்திச் செயலிகளும் உரிமம் பெற வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் அமலானது. பகடிவதை என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தோடு மட்டும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்த நாம், அதைப் பெரியவர்களுக்கும் பொருத்திப் பேசத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

சட்டம் வந்துவிட்டது. சரி, இரவு பதினொரு மணி நேரலைகள் நின்றுவிட்டனவா?

நிற்கவில்லை. ஏன் என்று புரிய, அந்தக் கடை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். டிக்டாக் நேரலையில் பார்ப்பவர்கள் பரிசு அனுப்பலாம். பணம் கொடுத்து நாணயங்கள் வாங்கி, அவற்றைப் பரிசாக மாற்ற வேண்டும். ஒரு ரோஜாவுக்கு ஒரு நாணயம். சிங்கம் வேண்டுமென்றால் 29,999 நாணயங்கள். அதில் ஒரு பங்கு நேரலை நடத்துபவருக்கு, ஒரு பங்கு நிறுவனத்துக்கு. இரண்டு பேர் திரையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு போட்டி போடலாம். யாருக்குப் பரிசு அதிகம் வருகிறதோ அவர் வெற்றியாளர். பாட்டுப் பாடினாலும் இதே கணக்குத்தான். ஆனால் பாட்டுக்குக் குரல் வேண்டும், பயிற்சி வேண்டும். திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் போதும். கூட்டம் கூடக்கூட அந்த நேரலை இன்னும் பல பேர் திரைக்குத் தள்ளப்படுகிறது.

வானொலியில் நிலைமை வேறு. ஒரு நேயர் அழைத்தால் நேராகக் காற்றலைக்கு வந்துவிட முடியாது. முதலில் தயாரிப்பாளர் பேசிப் பார்ப்பார். பெயர் என்ன, எதைப் பற்றிப் பேசப் போகிறார் என்று கேட்பார். வாய் தவறினால் துண்டிக்க என் விரலருகே ஒரு பொத்தான் இருக்கிறது. நான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினாலும் மறுநாள் மேலாளர் அறைக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளைப் பார்த்து நாங்களே முணுமுணுத்ததுண்டு. ஆனால் ஒரு நிகழ்ச்சிக்குப் பின்னால் பொறுப்பேற்க ஓர் ஆள் இருக்கிறார். நள்ளிரவு நேரலைக்குப் பின்னால் யார் இருக்கிறார்?

நிறுவனத்தால் எதுவும் முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2022 நவம்பர் 19-ஆம் தேதி நடந்த 15-ஆவது பொதுத்தேர்தல் நினைவிருக்கும். பதினெட்டு வயதினர் முதன்முறையாக வாக்களித்த பொதுத்தேர்தல் அது. எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் நாடு காத்திருந்த நாள்களில், 1969 மே 13 கலவரத்தை நினைவூட்டி மிரட்டும் காணொளிகள் டிக்டாக்கில் கிளம்பின. உடனே அந்த நிறுவனம் உயர் விழிப்பு நிலையில் இருப்பதாக அறிவித்தது; விதிகளை மீறிய காணொளிகளை நீக்கியது. நாட்டுக்கே ஆபத்து என்றால் கண் விழிக்க முடிகிறது. தமிழில், அதுவும் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில், நடுநடுவே மலாய் கலந்து, ஒரு பெண்ணைக் கிழித்துப் போடுகிற கருத்துகளை எந்தக் கண் பார்க்கிறது? நம் வசவின் அர்த்தம் நமக்குத்தான் உடனே புரியும். அப்படியென்றால் முதல் காவலும் நாமாகத்தான் இருக்க முடியும்.

இந்தப் பேச்சை எடுத்தால் நிச்சயம் வரும் ஒரு பதில் இருக்கிறது. கிள்ளானிலிருந்து பேசிய ஓர் அக்காவும் அதையே சொன்னார். "தம்பி, நான் ஒரு வார்த்தை எழுதல. யாரையும் திட்டல. சும்மாதான் பார்த்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. நம்மில் பெரும்பாலானோர் அப்படித்தான். ஆனால் தெருச்சண்டையை வேடிக்கை பார்ப்பதற்கும் நேரலையை வேடிக்கை பார்ப்பதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தெருவில் நாம் நிற்பதால் சண்டைக்காரர் பையில் காசு விழாது. நேரலையில் மூலையில் ஓர் எண் இருக்கிறது: இத்தனை பேர் பார்க்கிறார்கள். அந்த எண்ணில் நாமும் ஒருவர். எண் ஏறினால் திட்டுபவருக்குக் குரல் ஏறுகிறது. அந்த எண்ணைத் திட்டு வாங்குபவரும் பார்க்கிறார். எழுதியவர்கள் இருபது பேராக இருக்கலாம். அவர் கண்ணுக்குத் தெரிவது, தன்னை இழிவுபடுத்துவதைக் கேட்டுக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும்தான். அங்கே சும்மா பார்ப்பது என்று ஒன்று கிடையாது.

"அப்படியானால் இனி யாரையும் எதுவும் சொல்லக் கூடாதா? படம் நன்றாக இல்லை என்றால்கூடப் போலீசா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாம் வாயாடும் சமூகம். படம் வெளியான முதல் காட்சி முடிவதற்குள் இடைவேளையிலேயே தீர்ப்பு எழுதுகிறவர்கள். தேர்தல் வந்தால் ஒவ்வொரு மாமாக் கடை மேசையும் ஒரு மக்களவை. அது போகட்டும், வேண்டும். நட்சத்திரத்தின் நடிப்பைக் கிண்டல் செய்யுங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதிப் பக்கம் வரவில்லை என்றால் உரக்கக் கேளுங்கள். பொதுவில் செய்த வேலையைப் பற்றிப் பொதுவில் பேசுவது விமர்சனம். ஒருவரின் உடல், குடும்பம், வீட்டு முகவரி, மானம் என்று இறங்கி, அவர் அழும்வரை விடாமல் துரத்துவது வதை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு பல நேரம் நமக்குத் தெரிந்தே இருக்கிறது. நம் தங்கையைப் பற்றி இப்படிப் பேசினால் பொறுப்போமா என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

என்ன செய்யலாம்? முதலில், வெளியேறுங்கள். எண் ஒன்று குறையட்டும். வெளியேறும் முன் அந்த நேரலையின் மேல் புகார் பொத்தானை அழுத்துங்கள். 'வேண்டாம், விடுங்கள்' என்று உள்ளே போய்ப் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். அதுவும் கூட்டத்தைத்தான் கூட்டும். பாதிக்கப்பட்டவரை உங்களுக்குத் தெரியும் என்றால் திரைப்பதிவு எடுத்து, தேதி, நேரம், கணக்கின் பெயர் ஆகியவற்றோடு அவருக்குத் தனியாக அனுப்பி வையுங்கள். நேரலை முடிந்ததும் மறைந்துவிடும். புகார் கொடுக்கச் சான்று வேண்டும். புலனக் குழுவில் மட்டும் அதைப் பகிராதீர்கள். 'பாருங்கள், என்ன அநியாயம்' என்று அனுப்பினாலும் வசவு இன்னும் நூறு பேரைச் சென்றடைகிறது. காவல் நிலையத்திலும், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடமும் புகார் செய்யலாம். தனியாகப் போகத் தயங்குபவருடன் துணைக்குப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்கு ஓர் அழைப்பு. "சாப்பிட்டியா?" என்று கேட்டால்கூடப் போதும். ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு, சிரிக்காத ஒரு குரல் பெரிய ஆறுதல். மனம் தாங்க முடியாத நிலையில் இருப்பவர்கள் பிஃப்ரண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துப் பேசலாம். இந்த எண்ணைக் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், யாருக்காவது கொடுக்கத் தேவைப்படலாம்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்று. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் நேரலை நடத்தக் கூடாது என்பது டிக்டாக்கின் விதி. ஆனால் அப்பாவும் அம்மாவும் சாப்பாட்டு மேசையில் என்ன நேரலை கேட்கிறார்கள் என்பதற்கு எந்த நிறுவனமும் விதி போடவில்லை. ஒருவரைக் கேவலப்படுத்துவது பொழுதுபோக்கு என்று பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது தன் கைப்பேசியிலிருந்து அல்ல, நம் கைப்பேசியின் சத்தத்திலிருந்து.

இன்று இரவும் ஏதோ ஒரு நேரலை உங்கள் திரையில் வந்து நிற்கும். மூலையில் அந்த எண் இருக்கும். அதிலிருந்து ஒன்றைக் கழிக்க உங்கள் ஒரு விரல் போதும்.