சேற்று எரிமலை: அறிவியல் இதழ்களில் ஒரு கலைச்சொல்லின் நிலை

தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்துள்ள பாராடாங் தீவில், நிலத்தடியிலிருந்து சேறு கொப்பளித்து வெளிவரும் வாய்கள் பல உள்ளன. ஆழத்திலுள்ள படிவுகளில் அழுத்தத்துக்கு உட்பட்ட நீரும், பெரும்பகுதி மீத்தேனாகிய வளிகளும் களிமண்ணைச் சுமந்து மேலெழுகின்றன. பாறைக்குழம்பு வெளிப்படுவதில்லை. வழிந்த சேறு உலர்ந்து தாழ்ந்த மேடுகளாகிறது. இதற்குத் தமிழில் 'சேற்று எரிமலை', 'மண் எரிமலை' என்னும் பெயர்கள் வழங்குகின்றன. இயல்பில் அது எரிவதுமில்லை, மலையுமன்று.

ஆங்கிலத்தில் இவ்விடர்ப்பாடு பெரிதன்று. 'வல்கேனோ' என்பது உரோமானியரின் தீக்கடவுள் பெயரடியாகப் பிறந்ததாயினும், படிப்போர் அப்பொருளை நினைப்பதில்லை. தமிழ்ச்சொல்லிலோ உறுப்புகள் இரண்டும் பொருள் காட்டி நிற்கின்றன. சொல்லே பொருளை விளக்க வேண்டும் என்பது கலைச்சொல்லாக்கத்தில் நெடுநாளாக வற்புறுத்தப்படும் கொள்கை. கோவையிலிருந்து வெளிவந்த கலைக்கதிர், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் முதலிய இதழ்களின் வழியே அறிவியலைப் பயிலும் பொதுவாசகருக்கு அக்கொள்கை பெருந்துணையாவது உண்மை. ஆனால் சொல் விளக்குவது பிழையாயின், தெளிவே தீங்காகிறது.

இதழாசிரியர் பணி இங்கேதான் முதன்மை பெறுகிறது. தலைப்பையும் படக்குறிப்பையும் பெரும்பாலும் அமைப்பவர் கட்டுரையாளர் அல்லர், இதழாசிரியரே. வாசகர் முதலிற் காண்பனவும் அவையே. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தை அடுத்துப் பாராடாங்கில் சேறு பீறிட்டது. 2005 மே மாதத்தில், கிழக்கே கடலில் உள்ள பாரன் தீவின் உண்மையான எரிமலை வெடித்தது. இரண்டையும் 'அந்தமான் எரிமலை' என்றே தலைப்பிட்டால், ஆழிப்பேரலையால் அஞ்சியிருந்த மக்களுக்கு அவை ஒரே நிகழ்வாகத் தோன்றும். (தீவுப் பெயர்களின் ஒலியொப்புமையும் இம்மயக்கத்துக்கு உதவுகிறது.) இடம் கருதிச் சுருக்குங்கால், பாரனுக்குரிய 'இந்தியாவின் ஒரே செயற்படும் எரிமலை' என்னும் அடை பாராடாங்கிற்கு எளிதில் இடம்பெயரும்.

கட்டுரையின் நடுவே 'இதில் தீயே இராது' என ஒரு தொடரைச் செருகுவதும் போதாது. அசர்பைஜானில் இத்தகைய வாய்களிலிருந்து வெளிப்பட்ட மீத்தேன் பற்றிப் பெருந்தழல் எழுந்ததுண்டு. 'பாறைக்குழம்பு இல்லை' என்பதே பிழைபடாத எதிர்மறை. அதுவும் முதற்பத்தியிலேயே வருதல் வேண்டும். 'சேறுமிழ் மேடு' போன்ற தொடரைத் தலைப்பில் ஆண்டு, வழக்குச்சொல்லைக் கட்டுரையினுள் ஒருமுறை சுட்டுவது மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்ற வழி. வழக்குச்சொல்லை முற்றிலும் விலக்கினால், பாடநூலோடும் அகராதியோடும் உள்ள தொடர்பு அறுந்துவிடும்.

அதே தீவின் சுண்ணாம்புக் குகைகள் இதற்கு மாறான சான்று தருகின்றன. கூரையிலிருந்து தொங்கும் படிவத்தைக் 'கல்விழுது' என்றும், தரையிலிருந்து உயர்வதைக் 'கல்முளை' என்றும் பாடநூல்கள் வழங்குகின்றன. ஆலமரம் அறிந்த வாசகருக்கு முன்னதை விளக்க வேண்டுவதே இல்லை. பின்னதற்கு மட்டும், அது மேலிருந்து சொட்டும் நீரால் வளர்வது. நிலத்திலிருந்து முளைப்பதன்று என ஒருவரி தேவைப்படும்.