லூயிஸின் எஞ்சின்

ஜெர்மானியப் பொறியியலாளர் டைம்லரின் எஞ்சினைப் பிரான்சில் செய்யும் உரிமைக்குப் பிரதிநிதியாக இருந்த எட்வார் சராசின் 1887இல் இறந்தார். மனைவி லூயிஸ் ஜெர்மனிக்கே சென்று டைம்லரைச் சந்தித்து அந்த உரிமையைக் காப்பாற்றினார். எஞ்சினைச் செய்துவந்த எமில் லெவாசோரை 1890இல் மணந்தார்.

1895 ஜூனில் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் மோட்டார் வண்டிப் பந்தயம். லெவாசோரின் வண்டியில் ஸ்டியரிங் வளையம் இல்லை, ஒரு கைப்பிடித் தண்டு மட்டுமே. 48 மணித்தியாலம் 48 நிமிடம் ஓட்டி லெவாசோர் முதலில் வந்தார். மணிக்குச் சராசரி 24 கிலோமீற்றர். பல்லேபொலயிலிருந்து மாத்தளைக்கு ஓட்டோவில் போகிறவருக்கு அது மெதுவாகத் தெரியும். அன்று அது அசுர வேகம்.

முதற்பரிசோ நான்கு இருக்கை வண்டிக்கென்று விதி. லெவாசோர் வண்டியில் இரண்டே இருக்கை. பரிசு பெஜோ நிறுவனத்தின் வண்டிக்குப் போனது. அந்தப் பெஜோவுக்குள் ஓடியதும் லூயிஸ் காப்பாற்றிய அதே டைம்லர் எஞ்சின்தான்!