முப்பது மாதத்தில் ஓர் ஆய்வேடு

எம்.டி., எம்.எஸ். படிப்புக்குக் காலம் மூன்று ஆண்டு. ஆனால் அந்த 36 மாதமும் ஆய்வேட்டுக்குக் கிடைப்பதில்லை. இறுதித் தேர்வுக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே ஆய்வேட்டை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது இந்தியாவின் முதுநிலை மருத்துவக் கல்வி விதி. ஆகவே கணக்கை 30 மாதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். தலைப்பு, ஆய்வுத் திட்டம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஆகியவற்றுக்கு முதல் ஆறு மாதம் போய்விடும். பகுப்பாய்வு, எழுத்து, கைடின் திருத்தம், பைண்டிங் என்று கடைசி ஆறு மாதம் கரையும். மீதி 18 மாதம். அதற்குள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைப் பணி கட்டாயம். அது 3, 4, 5-ஆம் பருவங்களில் ஏதாவது ஒன்றில் வரும். பிற துறை போஸ்டிங்கும் விடுப்பும் போக, நோயாளிகளிடம் தரவு திரட்ட உறுதியாக நம்பக்கூடிய காலம் ஒன்பது மாதம்தான். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் படிப்பவருக்கும் நிலைமை இதுவே.

இந்த ஒன்பது மாதத்தை எண்ணிப் பார்க்காமல் தலைப்பு வைப்பதில்தான் பல ஆய்வேடுகளின் கோளாறு தொடங்குகிறது. 'சர்க்கரை நோயும் அதன் சிக்கல்களும்' என்று தலைப்பு வைத்தால் அதில் கேள்வியே இல்லை. 'இந்த மருத்துவமனையின் நீரிழிவு ஓ.பி.க்கு வரும், நோய் கண்டறிந்து ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட வகை-2 நோயாளிகளில் எத்தனை சதவீதம் பேருக்குப் பாதத்தில் உணர்விழப்பு இருக்கிறது?' என்று கேட்டால் யாரைச் சேர்ப்பது, எதை அளப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது எல்லாம் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழை ஒன்று இருந்தால் அளந்துவிடலாம். மூத்தவர் ஒருவரின் பழைய ஆய்வேட்டை எடுத்து ஆண்டையும் ஊரையும் மட்டும் மாற்றும் வழக்கம் இன்னும் போகவில்லை. அதைவிட இப்படிப்பட்ட சிறிய, நேரான கேள்வி எவ்வளவோ மேல். முந்தைய ஆய்வுகளைப் பப்மெட்டில் தேடும்போதே தேடிய சொற்களையும் தேதியையும் குறித்துக்கொள்வதும், கட்டுரைகளை ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் சேர்த்துவருவதும் பின்னால் பல இரவுகளை மிச்சப்படுத்தும்.

அடுத்தது எத்தனை பேர் என்ற கேள்வி. ஒரு விகிதத்தை மதிப்பிடும் ஆய்வுக்குச் சூத்திரம் எளிது: 1.96-இன் வர்க்கம், எதிர்பார்க்கும் விகிதம், அதை ஒன்றிலிருந்து கழித்த மீதி ஆகிய மூன்றையும் பெருக்கி, ஏற்கத்தக்க பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். முந்தைய ஆய்வுகளைப் பார்த்து உணர்விழப்பு 20 சதவீதம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பிழை இருபுறமும் 5 சதவீதப் புள்ளிக்குள் இருக்க வேண்டுமானால் 246 பேர் தேவை. பத்தில் ஒருவர் மறுக்கலாம், அல்லது அவரது தரவு முழுமையாகக் கிடைக்காமல் போகலாம் என்று கணக்கிட்டால் 274 பேர். வாரத்தில் இரண்டு நாள் ஓ.பி. நடக்கிறது. நெரிசலில் ஒரு நாளைக்கு இரண்டு பேரைத்தான் உட்காரவைத்து, விளக்கிச் சொல்லி, பாதம் இரண்டையும் சோதிக்க முடிகிறது என்றால் வாரத்துக்கு நான்கு பேர். 274 பேரை முடிக்க 69 வாரம் ஆகும். கையில் இருப்பதோ 39 வாரம்.

இந்த இடத்தில் கணக்கை மூடி வைத்துவிட்டு 'பார்த்துக்கொள்ளலாம்' என்று கிளம்புபவர்கள்தான் இரண்டாம் ஆண்டின் முடிவில் தவிக்கிறார்கள். வழி இருக்கிறது. பிழையை 7 சதவீதப் புள்ளி வரை ஏற்றுக்கொண்டால் 126 பேர் போதும். விடுபடுவோரையும் சேர்த்து 140 பேர், அதாவது 35 வாரம். விடை கொஞ்சம் அகலமாக வரும், ஆனால் நேர்மையான விடையாக இருக்கும். அந்த அகலத்தை ஏன் ஏற்றுக்கொண்டோம் என்று ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். தரவு குறைந்துபோன பிறகு எண்ணிக்கைக்கு ஏற்பச் சூத்திரத்தைத் திருப்பிப் போடுவது ஆய்வாகாது. புள்ளியியலாளரை முதன்முதலாகப் பார்க்க வேண்டியதும் இந்தக் கட்டத்தில்தான். எல்லா நோயாளிகளின் தரவும் அடங்கிய அட்டவணையான மாஸ்டர் சார்ட்டைத் தூக்கிக்கொண்டு கடைசி மாதத்தில் போய் நின்றால் அவர் செய்வதற்கு அதிகம் இருக்காது. ஆய்வு முறைகள் குறித்து எல்லா முதுநிலை மாணவரும் முடிக்க வேண்டிய இணையவழிப் படிப்பைச் சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்துகிறது. அதை வெறும் சான்றிதழ் சடங்காக நினைத்துத் தள்ளிப்போடாமல், திட்டம் எழுதும் மாதங்களிலேயே முடிப்பது நல்லது.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைக்கும் முன் ஒரு நோயாளியைக்கூடச் சேர்க்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி குழுவில் 7 முதல் 15 பேர் இருப்பார்கள். தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வருவார். சட்டம் தெரிந்தவரும் மருத்துவம் சாராத பொதுமனிதர் ஒருவரும் இருப்பார்கள். குழு கூடும் தேதிகளை முன்கூட்டியே விசாரித்துவைப்பது அவசியம், ஒரு கூட்டம் தவறினால் ஒன்றிரண்டு மாதம் கைநழுவும். மருந்தையோ சிகிச்சையையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வானால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டிலும் பதிய வேண்டும். 2007-இல் தொடங்கிய இந்தப் பதிவேடு, 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்னரே பதிபவற்றை மட்டும் ஏற்கிறது. கட்டணம் இல்லை.

குழுவுக்குப் போகும் தாள்களில் மிகுந்த அக்கறை தேவைப்படுவது தமிழ் ஒப்புதல் படிவத்துக்கு. பெரும்பாலும் அதற்குத்தான் அக்கறை கிடைப்பதில்லை. 'தங்களது கீழ் அவயவ நரம்புச் செயலிழப்பை மதிப்பிடும் பொருட்டு' என்று தொடங்கும் படிவத்தை ஓ.பி. வாசலில் டோக்கனோடு நிற்கும் பெண்மணி எப்படிப் புரிந்துகொள்வார்? 'உங்கள் பாதத்தில் ஒரு மெல்லிய இழையால் சில இடங்களில் தொடுவோம். தொடுவது தெரிகிறதா என்று சொன்னால் போதும். வலிக்காது. ஊசி இல்லை. பத்து நிமிடம் ஆகும். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லலாம், உங்கள் வைத்தியத்தில் எந்தக் குறையும் வராது' என்று எழுதினால் அவருக்கு விஷயம் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன் வாசித்துக் காட்டிக் கைரேகை பெற வேண்டும். படிவத்தின் நகல் ஒன்று நோயாளியின் கையில் இருக்க வேண்டும்.

தரவு திரட்டத் தொடங்கும் முன் பத்துப் பேரிடம் தகவல் படிவத்தை, அதாவது புரோபார்மாவை, சோதித்துப் பார்த்தால் எந்தக் கேள்வி புரியவில்லை, எந்தக் கட்டம் காலியாகவே கிடக்கிறது என்று தெரிந்துவிடும். நிரப்பிய புரோபார்மாவை அன்றன்றே எக்செல்லில் ஏற்றுவது நல்ல பழக்கம். ஒரே பத்தியில் ஓரிடத்தில் 'ஆண்', ஓரிடத்தில் 'ஆ', ஓரிடத்தில் 1 என்று இருந்தால் மென்பொருள் அவற்றை மூன்று பாலினமாக எண்ணும். ஹீமோகுளோபின் 12.1 என்பது புள்ளி தவறி 121 ஆகிவிட்டால், மாலையிலேயே நோயாளியின் சீட்டைப் பார்த்துத் திருத்தலாம். ஓராண்டு கழிந்தால் அந்தச் சீட்டு எங்கே கிடைக்கும்? விடுபட்ட தகவலுக்குப் பூஜ்யம் போடக் கூடாது, காலியாகவோ தனிக் குறியீட்டோடோ விட வேண்டும். பெயரும் மருத்துவமனை எண்ணும் உள்ள பட்டியலைத் தனியே பூட்டிவைத்துவிட்டு, மாஸ்டர் சார்ட்டில் வரிசை எண் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். யாருக்காவது உணர்விழப்பு தெரிந்தால் அதை அன்றைக்கே அவரிடம் சொல்லிப் பாதப் பராமரிப்புக்கு அனுப்புவது, ஆய்வேடு முடியும்வரை காத்திருக்கும் விஷயமல்ல.

பகுப்பாய்வில் என்னென்ன ஒப்பீடு செய்யப்போகிறோம் என்பது திட்டத்திலேயே இருக்க வேண்டும். உண்மையில் தொடர்பே இல்லாத இருபது விஷயங்களை ஒப்பிட்டாலும், தற்செயலாகச் சராசரியாக ஒன்றில் பி மதிப்பு 0.05-க்குக் கீழே வரும். அந்த ஒன்றைத் தூக்கி முடிவுரையில் வைத்தால் பொய் மெய்யாகிவிடும். வெறும் பி மதிப்பை விட, விகிதத்தையும் அதன் 95 சதவீத நம்பக இடைவெளியையும் தருவது வாசிப்பவருக்குப் பயன்படும். எபி இன்ஃபோ, ஆர் போன்ற இலவச மென்பொருள்களே இதற்குப் போதும்.

எழுத்தைக் கடைசிக்கு ஒதுக்கத் தேவையில்லை. முறைகள் அத்தியாயம் திட்டத்திலேயே பாதி இருக்கிறது, எதிர்கால வினைகளை இறந்தகாலமாக மாற்றி விரித்தால் போதும். முந்தைய ஆய்வுகள் பகுதியை மாவட்டப் பணியின் மாலைகளில் முடித்துவிடலாம். கைடிடம் ஒவ்வோர் அத்தியாயமாகக் கொடுத்தால் திருத்தம் திரும்பிவரும். 120 பக்கத்தை மொத்தமாக மேசையில் வைத்தால் அது அங்கேயே கிடக்கும். மேற்கோள்களை வான்கூவர் முறையில் எண்ணிட்டு அடுக்குவதே மருத்துவத்தில் வழக்கம். எழுத்துத் திருட்டைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள் 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. அதற்காக மென்பொருளை ஏமாற்றச் சொற்களை மட்டும் மாற்றிப் போடுவது வீண். படித்ததை மூடிவைத்துவிட்டுத் தன் சொல்லில் எழுதிப் பார்ப்பதே வழி.

ஒப்படைத்த பிறகு தேர்வாளர்கள் ஏற்றுக்கொண்டால்தான் மாணவர் எழுத்துத் தேர்வுக்கே உட்கார முடியும். தங்க எழுத்து அட்டையோடு அந்தப் பிரதி நூலக அலமாரிக்குப் போய்விடும். அதற்கு முன், துறைக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி முடிவைச் சொல்ல வேண்டும். கிடைத்த விகிதம் எதிர்பார்த்த 20-ஐவிடக் கூடியதா குறைந்ததா என்பதைப் பொருட்படுத்தாமல் கட்டுரையாக்கி இதழுக்கும் அனுப்ப வேண்டும். நீரிழிவு ஓ.பி.யில் பாதம் பார்க்கத் தனியாக ஒரு நாற்காலியும் ஒரு செவிலியரும் தேவையா என்று துறை முடிவெடுக்க அந்த 140 பேரின் கணக்கு போதும்.