ஏத்தம் முதல்ல... இறக்கம் அப்புறம்!

கொடைக்கானல் போய்வந்த ஆசாமி யாரையாவது பிடித்து, "என்ன பார்த்தே?" என்று கேட்டுப் பாருங்கள். "தூண் பாறை, குணா குகை, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பார்க்..." என்று மளிகை லிஸ்ட் மாதிரி ஒப்பிப்பார். "சரி, நடு நடுவுல என்ன இருந்துச்சு?" என்று கேளுங்கள். முழிப்பார். நடுவில் இருந்தது முன்னால் போன வேனின் பின்பக்கம்!

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 'பன்னிரண்டு மைல் ரவுண்டு' என்று டாக்ஸி பேசிக் கிளம்பினால் இறங்கு, போட்டோ எடு, ஏறு. அவ்வளவுதான் கொடைக்கானல். சீஸனில் அதற்கும் வழியில்லாமல் ரோடு அடைத்துக்கொள்ள, ஹைகோர்ட்டே தலையிட்டு 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்று உத்தரவு போட்டது. 2025-ல் வார நாள்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. அரசு பஸ்ஸில் வருகிறவருக்கு மட்டும் இந்தத் தலைவலி இல்லை.

ஆக, நம்ம மாதிரி ரெண்டு நாள் லீவு, மூணு பேர் ஷேரிங் ரூம் பார்ட்டிகளுக்கு ஒரு யோசனை. பஸ்ஸில் ஏறுங்கள். மேலே போய் சைக்கிளில் சுற்றுங்கள்!

ஆனால், எங்கே சுற்றுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதை நானும் என் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பரும் கொஞ்சம் ரத்தம் சிந்தித்தான் தெரிந்துகொண்டோம். (சிந்தியது அவர். தெரிந்துகொண்டது நான்.)

ஹாலந்து இல்லை ஸார், இது மலை!

சைக்கிளுக்குப் பேர்போன ஊர் ஆம்ஸ்டர்டாம். அங்கே மந்திரி முதல் மாணவன் வரை சைக்கிளில் போகிறார்கள் என்று நாமும் ஆச்சரியப்படுகிறோம். போகமாட்டார்களா பின்னே? தேசமே தோசைக்கல் மாதிரி தட்டை! கொடைக்கானல் இருப்பதோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில். பழனி அடிவாரத்திலிருந்து இங்கே வரும் 64 கி.மீ. ரோடு மொத்தம் சுமார் 1,700 மீட்டர் ஏறுகிறது. பிரான்ஸ் நாட்டு சைக்கிள் பந்தயத்தில் வீரர்களை அழவைக்கும் பிரபலமான ஆல்ப்ஸ் ஏற்றம் ஒன்று உண்டு. 21 கொண்டை ஊசி வளைவு. அதுவே 1,100 மீட்டர் சொச்சம்தான்!

அதனால் மலையில் வழி பார்க்கும்போது, 'எத்தனை கிலோமீட்டர்?' என்பது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, 'ஏத்தம் போறப்பவா, வர்றப்பவா?' என்பது.

போகும்போது ஏறி, வரும்போது இறங்கினால் நல்ல வழி. முடியவில்லையென்றால் எந்த இடத்திலும் வண்டியைத் திருப்பலாம். வீடு கீழேதான் இருக்கிறது. போகும்போது ஜாலியாக இறங்கிவிட்டால், வரும்போது பசி, வெயில், ஏத்தம் மூணும் சேர்ந்து நம்மைக் கும்மிவிடும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வழிகளைப் பார்ப்போம், வாங்க.

ஏரி: பாலர் வகுப்பு

மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் ஓடைக்கு அணை கட்டி உண்டாக்கிய ஏரி இது. அறுபது ஏக்கர், நட்சத்திர வடிவம். சுற்றி வர ஐந்து கி.மீ. பெரிய ஏத்த இறக்கம் கிடையாது. கரையிலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ரெண்டு பேர் மிதிக்கும் சைக்கிளும் உண்டு. (பின்னால் இருப்பவர் மிதிக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆபீஸ் மாதிரியே!)

இதில் ரெண்டு சூட்சுமம். ஒன்று, காலை ஆறரைக்குள் கிளம்பிவிடுங்கள். தண்ணீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருக்கும். ஒன்பது மணிக்கு மேல் குதிரை, கார், சோளம் சுடுகிற புகை, ஐஸ்கிரீம் கேட்டு அழும் குழந்தை எல்லாம் சேர்ந்துவிடும்.

ரெண்டாவது, ஏரி உங்கள் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி சுற்றுங்கள். நம்ம ஊரில் இடப்பக்கம்தானே ஓட்டுகிறோம்? அப்போது நீங்கள் தண்ணீர் ஓரமாகவே போவீர்கள். நினைத்த இடத்தில் ரோட்டைக் கடக்காமல் நிறுத்தலாம். எதிர்த்திசையில் போனால் உங்களுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு ரோடு நிறைய வண்டி. சீஸனில் போலீஸ் ஒருவழி ஆக்கிவிட்டால் மட்டும் அவர்கள் காட்டுகிற வழிதான் வழி.

குறிஞ்சி ஆண்டவர்: ஒண்ணாங் கிளாஸ்

ஏரியிலிருந்து சுமார் மூன்று கி.மீ. செட்டியார் பார்க் பக்கமாகப் போகிற ரோடு. 1936-ல் லேடி ராமநாதன் என்கிற, வெளிநாட்டில் பிறந்து இந்துவான அம்மையார் கட்டிய முருகன் கோயில். வானம் சுத்தமாக இருந்தால் இங்கிருந்து பழனி தெரியும். இதுவும் காலை வேலைதான். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறிவிடும். பழனியும் தெரியாது, பக்கத்தில் நிற்பவரும் தெரியாது.

குறிஞ்சிப் பூ பார்க்கவேண்டும் என்கிறவர்கள் சைக்கிளை அவசரமில்லாமல் ஓட்டலாம். கடைசியாகக் கூட்டமாகப் பூத்தது 2018-ல். பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி அடுத்தது 2030!

வானாய்வகம்: பரீட்சை

இனிமேல்தான் மலை ஆரம்பம். சூரிய ஆராய்ச்சி நிலையம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து கிட்டத்தட்ட ஏத்தம்தான். 1876-78 பெரும்பஞ்சத்துக்கு அப்புறம், மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராயவேண்டும் என எழுந்த யோசனையில் வந்த இடம். இங்கே இருந்துதான் 1909-ல் எவர்ஷெட் என்கிற விஞ்ஞானி, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதற்கு அவர் பெயர்தான்.

நாங்கள் போனது விஞ்ஞானத்துக்காக இல்லை. "ஏரியை நாலு ரவுண்டு அடிச்சாச்சு. போரடிக்குது மாப்ளே!" என்றார் நண்பர். அதே வாடகை சைக்கிள். கியர் இல்லை. பாதித் தூரம் சைக்கிளை நாங்கள் தள்ளினோம். மீதித் தூரம் அதன் மேல் சாய்ந்துகொண்டு நடந்தோம்.

நடுவழியில் ஒரு டீக்கடை. பெரியவர் எங்களையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி, இந்த வண்டியிலயா மேல போறீக?"

"ஏறுறதுதாங்க ஐயா கஷ்டம். எறங்குறப்ப சும்மா பறந்துரலாம்" என்றார் நண்பர்.

பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஏறுறப்ப மூச்சுதான் தம்பி போகும். எறங்குறப்பதான் ஆளே போவான்."

சிரித்தோம். டீ ரெண்டு, வறுக்கி நாலு. காசு கொடுத்தோம். மேலே போய் செல்ஃபி எடுத்தோம். இறங்கினோம்.

முதல் அரை கிலோமீட்டர் சொர்க்கம். யூகலிப்டஸ் வாசனை, காதில் காற்று. நண்பர் எனக்கு முன்னால் ஐம்பதடி தூரத்தில், காலை ரெண்டு பக்கமும் அகட்டிக்கொண்டு பாட்டுப் பாடியபடி போனார். ஒரு வளைவு வந்தது. பாட்டு நின்றது.

பின் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிகிற சைக்கிள் அது. முன் பிரேக் கயிறு பிய்ந்துவிட்டது. எதிரே கேரட் மூட்டை ஏற்றின ஜீப் ஒன்று முக்கிக்கொண்டு ஏறி வருகிறது. வலது பக்கம் ஜீப். இடது பக்கம் ஓடை மாதிரி பள்ளம், வேலிச்செடி. நண்பர் காலை ரோட்டில் தேய்த்துப் பார்த்தார். ஷூவின் அடிப்பாகம் தனியே வந்தது. அப்புறம் இடது பக்கம் திருப்பிவிட்டார்.

நான் போய்ச் சேர்வதற்குள் ஜீப்காரர் இறங்கிவந்து அவரைத் தூக்கி உட்கார வைத்திருந்தார். தாடையில் மூணு தையல் போட வேண்டியிருந்தது. முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. அவ்வளவுதான். 'அவ்வளவுதான்' என்று இப்போது எழுதுகிறேன். அப்போது என் கை நடுங்கியது நிற்கப் பத்து நிமிஷம் ஆச்சு. நண்பருக்குக் குழந்தை பிறந்து மூணு மாசம். உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "வீட்டுல சொல்லிராத மாப்ளே."

வாடகைக்கு விட்டவரைத் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரி போனோம். திரும்பி வருகையில் யோசித்துப் பார்த்தேன். ஏரி சுற்றத்தான் அவர் சைக்கிள் கொடுத்தார். அதை மலை ஏற்றியது நாங்கள். கிளம்புமுன் பிரேக்கை ஒரு தடவை அமுக்கிப் பார்க்காததும் நாங்கள்தான்.

பூம்பாறை, மன்னவனூர்: டிகிரி

இது ஏரிக்கரை வாடகை சைக்கிளுக்கான வழியே இல்லை. கியர் சைக்கிள், நல்ல பிரேக், ஒரு முழுப் பகல் மூன்றும் உள்ளவர்களுக்கு. ஆனால், ஒரே ஒரு வழிதான் போகமுடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

வானாய்வகத்தைத் தாண்டி மேற்கே போகிற ரோடு. பூம்பாறை சுமார் 18 கி.மீ. காடு விலகியதும் ஒரு திருப்பத்தில் கீழே மொத்த ஊரும் தெரியும். ஓட்டு வீடுகள் நடுவில், சுற்றிலும் படிப்படியாகப் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. காரில் போகிறவர்கள் இங்கே ரெண்டு நிமிஷம் நிறுத்துவார்கள். சைக்கிளில் வருகிறவருக்கு ஊருக்குள் நுழையும் முன்னாலேயே பூண்டு வாசனை வந்து வரவேற்கும்! கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே வருஷம்தான். ஊரில் குழந்தை வேலப்பர் கோயில். சிலையைச் செய்தவர் போகர் என்பது ஐதீகம்.

தெம்பிருந்தால் மன்னவனூர் வரை போகலாம். கொடைக்கானலிலிருந்து மொத்தம் 35 கி.மீ. போல வரும். புல்வெளி, ஏரி, மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை.

இப்போது நம்ம கணக்கைப் போடுங்கள். பூம்பாறை சுமார் 1,920 மீட்டர். வானாய்வகம் 2,343. ஆக, திரும்பி வரும்போது நானூறு மீட்டருக்கு மேல் ஏறவேண்டும்! காலை ஏழுக்குக் கிளம்பினால் பூம்பாறையில் டிபன், பதினொன்றுக்குள் திரும்ப ஆரம்பித்துவிட வேண்டும். மன்னவனூர் போகிறவர்கள் அங்கேயே ராத்திரி தங்குவது உத்தமம். வில்பட்டி, பள்ளங்கி பக்கமும் இதே கதைதான். தோட்டம் தோட்டமாக அழகான ரோடு. போகும்போது இறக்கம், வரும்போது அழுகை.

பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். சைக்கிளுக்கு விடுவார்களா என்று அவர்களிடம் கேட்டுவிட்டு அப்புறம் ஆசைப்படுங்கள்.

மலையை விட்டு இறங்குவதானால்...

வத்தலக்குண்டு ரோட்டில் வெள்ளி அருவி, டம்டம் பாறையிலிருந்து தெரியும் 297 மீட்டர் உயரத் தலையாறு அருவி என்று வேடிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் பஸ், லாரி, டூரிஸ்ட் வேன் எல்லாம் அதில்தான். பெருமாள்மலையில் பிரிகிற பழனி ரோடு, வடகவுஞ்சி வழியாக, கொஞ்சம் அமைதி. ஊத்திலிருந்து பண்ணைக்காடு, தாண்டிக்குடி போகிற ரோடு காப்பித் தோட்டத்து நிழலிலேயே போகும். குளிரும் அவ்வளவு இருக்காது. எதுவானாலும் வார நாள், காலை நேரம், சொந்த சைக்கிள்.

இதை மட்டும் மறக்காதீங்க!

* எடுத்ததும் ரெண்டு பிரேக்கையும் தனித்தனியாக அமுக்கி, வண்டியை முன்னால் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் வேறு சைக்கிள் கேளுங்கள்.

* இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வராதீர்கள்; ரிம் சூடாகிவிடும். பிடித்துப் பிடித்து விடுங்கள். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறையுங்கள், வளைவுக்குள் அல்ல. ஈரமாக இருந்தால் பிரேக் லேட்டாகத்தான் பிடிக்கும்.

* மலை ரோட்டில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி.

* ஹெல்மெட் போடுங்கள். ஹெட்போனைக் கழற்றுங்கள். ஹாரன் சத்தம்தான் வளைவுக்குக் கண்.

* சாயந்திரம் ஐந்தரைக்குள் ரூமுக்கு வந்துவிடுங்கள். மஞ்சு இறங்கும், காட்டுமாடும் இறங்கும். எதிரே காட்டுமாடு நின்றால் பெல் அடிக்கவேண்டாம். அதற்கு ரோடு விதி தெரியாது.

* பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

* ஜனவரி, பிப்ரவரி அருமை, குளிர் தாங்கவேண்டும். அக்டோபர், நவம்பர் அடைமழை. ஏப்ரல், மே வேன்களின் பின்பக்கம்!

நண்பர் விஷயம் என்ன ஆச்சு என்கிறீர்களா? வீட்டில் சொல்லாமல் இருக்க முடியுமா, தாடையில் பிளாஸ்திரியை வைத்துக்கொண்டு? நாலு மாசம் சைக்கிள் பேச்சே கிடையாது. அப்புறம் ஒரு நாள் செகண்ட்ஹேண்டில் கியர் சைக்கிள் வாங்கி ஆபீஸுக்கே அதில் வர ஆரம்பித்தார். தினமும் கிளம்புமுன் அவர் மனைவி வாசலுக்கு வந்து ரெண்டு பிரேக்கையும் அமுக்கிப் பார்த்த பிறகுதான் விடுகிறாராம்.

ஜனவரியில் பூம்பாறை போகலாம் என்று பேச்சு. அந்த டீக்கடைப் பெரியவரைப் பார்த்து ஒரு டீ சாப்பிடவேண்டும் என்கிறார் நண்பர். போகும்போதா வரும்போதா என்று கேட்டேன்.

"ரெண்டு தடவையும்தான் மாப்ளே."