மெசேஜில் கடன் கேட்கலாமா?

கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் எடுக்கும் மானிப்பாய்க் கடைக்காரர், தன் மொத்த வியாபாரியின் குரலை மாதத்தில் எத்தனை தரம் கேட்கிறார்? ஓர்டர் வாட்ஸ்அப்பில், விலை வாட்ஸ்அப்பில், வங்கியில் காசு போட்ட சிட்டையின் படமும் அதிலேதான். வேலை சுருக்காக முடிகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கடன் கேட்பது, தவணை கேட்பது, பழுதான சரக்கைத் திருப்புவது எல்லாவற்றையும் இப்போது விரலாலேயே பேசத் தொடங்கிவிட்டோம். சிக்கல் அங்கேதான்.

பேச்சைக் கேட்கும்போது மூளை இரண்டு வேலை செய்கிறது. சொல்லின் பொருளைப் பெரும்பாலும் இடப்பக்கம் கவனிக்கிறது. கோபமா, பகிடியா, தயக்கமா என்று குரலின் ஏற்ற இறக்கத்தைப் பிடிப்பதில் வலப்பக்கத்திற்குப் பெரும் பங்குண்டு. மெசேஜில் இந்த இரண்டாவது வேலைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. வாசிப்பவர் தன் மனநிலைக்கேற்ற குரலைத் தானே போட்டுக்கொள்கிறார். "நாளைக்குப் பார்ப்போம் நானா" என்பதைக் காதால் கேட்டால் ஆள் தருவாரா, இழுத்தடிப்பாரா என்று பழைய வியாபாரிக்கு விளங்கிவிடும். திரையில் அது வெறும் மூன்று சொல்.

அமெரிக்காவில் ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கிண்டல் வசனத்தையும் உண்மை வசனத்தையும் கலந்து மின்னஞ்சலிலும் குரலிலும் அனுப்பச் செய்தார்கள். நூற்றுக்கு 78 சரியாக விளங்கும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலைக் கேட்டவர்கள் 73 வீதம் சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலை வாசித்தவர்கள் 56 வீதம்தான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வருமே!

இது வெறும் ஆய்வுக்கூட விடயமல்ல. 2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில் நடந்ததை நம்மவர்கள் மறந்திருக்க முடியாது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்து மூன்று வாரம். 'அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய்' என்ற கருத்தில் முஸ்லிம் வியாபாரி ஒருவர் முகநூலில் அரைகுறை ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி மிரட்டலாக வாசிக்கப்பட்டது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன, ஊரடங்கு போடப்பட்டது, எழுதியவர் கைதானார். அந்த வன்முறைக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் தீக்குச்சி அந்த ஒரு வரிதான்.

அதற்காக எழுத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. தொகை, அளவு, திகதி எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இத்தகைய செய்திகளுக்குச் சட்ட ஏற்பு அளிக்கிறது. ஒன்று மட்டும்: தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்காதீர்கள். 'கல்'லும் 'கால்'உம் அதில் ஒன்றாகிவிடும். கால் கியூப் கேட்டவருக்கு ஒரு கியூப் கல் வந்து இறங்கினால் யார் பொறுப்பு?

கடனைக் கோல் எடுத்துக் கேளுங்கள். பேசி முடித்த பிறகு, ஒத்துக்கொண்ட தொகையையும் திகதியையும் ஒரு வரியில் அனுப்பி வையுங்கள். எதிர்ப்பக்கத்தார் வேலையாக இருந்தால் குரல் பதிவு அனுப்பலாம், தொனியும் கூடவே போய்ச் சேரும். ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் எவரும் முழுதாகக் கேட்கமாட்டார்கள்.