ஒலிக்கூடத்தின் உள்ளே – 9: எஃபெக்ட்ஸ் கருவிக்குக் கேபிள் கொடுப்பது

எஃபெக்ட்ஸ் கருவிக்கு ஒலி போக ஒரு வழியும் திரும்பி வர ஒரு வழியும் வேண்டும். சேனலின் ஒலியில் ஒரு பங்கைத் தனியே வெளியே அனுப்பும் மிக்ஸரின் ஆக்ஸ் சென்டிலிருந்து கருவியின் இன்புட்டுக்கு ஒரு கேபிள் போகிறது. கருவியின் அவுட்புட்டிலிருந்து மிக்ஸரின் ரிட்டர்னுக்கு, அல்லது காலியாக உள்ள இரண்டு சேனல்களுக்கு, இரண்டு கேபிள்கள் வருகின்றன. 1980களில் பல கூடங்களில் இடம்பிடித்த யமஹா எஸ்பிஎக்ஸ் 90 கருவிக்கு இன்புட் ஒன்றுதான், அவுட்புட் இரண்டு. ஒற்றையாக உள்ளே போகும் குரல், இடமும் வலமுமாக விரிந்து வெளியே வரும்.

ரிட்டர்னைச் சேனலில் செருகினால், அந்தச் சேனலில் அதே ஆக்ஸ் குமிழ் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வந்த ஒலி மறுபடியும் கருவிக்கே போய்ச் சுழன்று ஊளையிடத் தொடங்கும். கருவியின் மிக்ஸ் அளவை முழு ஈரத்தில், அதாவது நூறு சதவீத எஃபெக்டில், வைக்க வேண்டும். மூலக் குரல் ஏற்கெனவே மிக்ஸரில் இருக்கிறது. அதே குரல் கருவி வழியாகச் சிறிது தாமதித்து மீண்டும் வந்து சேர்ந்தால், சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக் குரல் மெலிந்துவிடும். நல்ல பாடகரின் குரல் தகரம்போல ஒலிப்பதற்கு இந்த மிக்ஸ் அளவே பல நேரம் காரணம்.

அடுத்து, கேபிளின் வகை. எக்ஸ்எல்ஆரில் மூன்று பின்கள் உண்டு: 1 கவசம், 2 ஹாட், 3 கோல்டு. 2-இல் போகும் சமிக்ஞையின் தலைகீழ் வடிவம் 3-இல் போகிறது. வழியில் நுழையும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே மாதிரி ஏறுகிறது. வாங்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துபோகிறது, குரல் நிற்கிறது. இத்தனை எளிய ஏற்பாடு இத்தனை பெரிய வேலையைச் செய்வது ஒலிப்பதிவுத் தொழிலின் அழகுகளில் ஒன்று. மூன்று தொடுமுனை கொண்ட டிஆர்எஸ் ஜாக்கும் இதே வேலையைச் செய்யும். இரண்டு முனை டிஎஸ் கேபிளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அது சில மீட்டருக்குள் இருப்பது நல்லது. ஒரு சேனலின் முழு ஒலியையும் கருவிக்கு அனுப்பி அதே சேனலுக்குத் திரும்ப வாங்கும் இன்சர்ட்டுக்கு ஒரு டிஆர்எஸ்ஸும் இரண்டு டிஎஸ்ஸும் கொண்ட ஒய் கேபிள் தேவை. பெரும்பாலான மிக்ஸர்களில் அதன் நுனி அனுப்புகிறது, வளையம் வாங்குகிறது.

மட்டம் தவறினால் எந்தக் கேபிளும் உதவாது. தொழில்முறைக் கருவிகள் +4 டிபியூ அளவில், அதாவது 1.23 வோல்ட்டில் பேசுகின்றன. வீட்டு வகைக் கருவிகள் −10 டிபிவி அளவில், 0.316 வோல்ட்டில். வித்தியாசம் ஏறத்தாழ 12 டெசிபெல், வோல்ட்டில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. பின்பக்கம் இதற்கான சுவிட்ச் இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் ஒலி கிழியும், அல்லது ஒலியைக் கூட்டிக் கூட்டி வைப்பதால் இரைச்சலும் கூடவே ஏறும். பாட்டின் உச்சக் கட்டத்தைப் பாடவைத்து, சிவப்பு விளக்கு எரியாத இடத்தில் இன்புட்டை நிறுத்துவதே சரி. டிஜிட்டல் கருவியில் ஒருமுறை வெட்டுப்பட்ட ஒலி திரும்ப ஒட்டாது.

டிஜிட்டல் இணைப்பில் எஸ்/பிடிஐஎஃப்புக்கு 75 ஓம், ஏஇஎஸ்3-க்கு 110 ஓம் கேபிள். இரண்டு கருவிகளில் ஒன்றின் கடிகாரத்தையே மற்றது பின்பற்ற வேண்டும். இல்லாவிட்டால் சொடுக்குச் சத்தம் வரும்.

ரிட்டர்னை மைக் எக்ஸ்எல்ஆரில் செருகக் கூடாது. ஃபேண்டம் பவர் போட்டிருந்தால் 48 வோல்ட் கருவியின் அவுட்புட்டுக்குள் ஏறும். லைன் இன்புட்டே அதற்கு உரிய இடம்.

கடைசியாக, ஹம். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த ரீங்காரம் 50-இலும் 100-இலும் கேட்கும். மிக்ஸரும் கருவியும் வெவ்வேறு பிளக்குகளில் எர்த் பெற்று, கேபிளின் கவசம் வழியாகவும் இணைந்தால் ஒரு வளையம் உருவாகிறது. இரண்டுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் கொடுத்தால் பல நேரம் சத்தம் அடங்கும். அப்படியும் போகாவிட்டால் ஒலிக் கேபிளின் நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். ஆனால் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் கருவியின் உலோகப் பெட்டியைத் தொடுபவரின் உயிரைக் காப்பது அந்த ஒரு பின்தான்.